கடிக்கிற குட்டிக்குக் கையைக் கொடுங்க!

ஷெஃபீல்டிலிருந்து லீட்ஸுக்கு ரயில் ஏறினால் நடுவில் பார்ன்ஸ்லி என்று ஒரு ஸ்டேஷன் வரும். யார்க்‌ஷயர் பக்கம் எம்.எஸ்ஸி. படிக்க வருகிற நம்ம பசங்க யாரும் இங்கே இறங்குவதில்லை. லண்டன் போவாங்க, எடின்பரோ போவாங்க, ஹாரிபாட்டர் ஷூட்டிங் நடந்த இடமெல்லாம் தேடித் தேடிப் போவாங்க. பார்ன்ஸ்லியில் என்ன இருக்கு? மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் இருக்கு, மார்க்கெட் இருக்கு, எப்பவும் நசநசன்னு தூறல் இருக்கு. அப்புறம்... ஃபெரெட் இருக்கு பாஸ்!

ஃபெரெட்டைத் தெரியாதவங்களுக்கு ஒரு இன்ட்ரோ. முதல் தடவை பார்த்தால் ‘அட, நம்ம ஊர் கீரிப்பிள்ளை!’ன்னு தோணும். நீளமான உடம்பு, குட்டைக் கால், சுறுசுறு மூக்கு. ஆனால், கீரிக்கும் இதுக்கும் சொந்தபந்தம் கிடையாது. இது நீர்நாய் குடும்பம். நம்ம நீலகிரிக் காட்டில் இருக்கிற மார்ட்டென் வேணும்னா தூரத்துப் பங்காளின்னு சொல்லலாம். ஐரோப்பாவில் போல்கேட் என்று ஒரு காட்டுப் பிராணி உண்டு. பேரில்தான் கேட், பூனைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அதை 2,000 வருஷத்துக்கும் மேலாக வீட்டில் வைத்துப் பழக்கியதில் வந்ததுதான் ஃபெரெட். ‘குட்டித் திருடன்’ என்று அர்த்தம் தரும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்த பேர். பேருக்குத் தகுந்த மாதிரி உங்க சாக்ஸ், சாவி, இயர்போன் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போய் சோபாவுக்கு அடியில் பதுக்கிவிடும். இன்னொரு விஷயம்... ஆண் ஃபெரெட் ‘ஹாப்’, பெண் ‘ஜில்’, குட்டி ‘கிட்’. இங்கிலீஷில் ஒரு கூட்டம் ஃபெரெட்டுக்கு என்ன பேர் தெரியுமா? ‘பிசினஸ்’! எம்.பி.ஏ. பசங்க நோட் பண்ணிக்கங்க.

சரி, இந்தப் பிராணிக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? வயிறுதான் சம்பந்தம்.

ஃபெரெட்டை மனுஷன் பழக்கியதே முயல் பிடிக்கத்தான். ஸ்பெயின் பக்கத்து பலேரிக் தீவுகளில் முயல் பெருகி பயிரையெல்லாம் அழித்ததையும், வாய்க்கட்டு போட்ட ஒரு பிராணியை வளைக்குள் விட்டு முயலை விரட்டியதையும் ஸ்ட்ராபோ என்கிற கிரேக்க எழுத்தாளர் 2,000 வருஷம் முன்னாடியே எழுதிவைத்திருக்கிறார். அது ஃபெரெட்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் பாருங்க, 1390-ல் ஒரு சட்டம் வந்தது. வருஷத்துக்கு 40 ஷில்லிங் வருமானம் தருகிற நிலம் இல்லாதவன் வேட்டை நாயும் வைத்துக்கொள்ளக் கூடாது, ஃபெரெட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது! காட்டு முயல்கூட பணக்காரன் தட்டுக்கு மட்டும்தானாம். ஏழை சும்மா இருப்பானா? ஃபெரெட்டைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு ராத்திரியில் கிளம்பினான். அப்புறம் சுரங்கங்கள் வந்தன. வாரக்கூலி பத்தாத சுரங்கத் தொழிலாளி வீட்டுக் கொல்லையில் ஒரு மரக்கூண்டு, கூண்டுக்குள் ரெண்டு ஃபெரெட். ஞாயித்துக்கிழமை முயல் கறி. இவ்வளவுதான் கதை.

இன்றைக்கு அந்தச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. 1984 மார்ச்சில் ஆரம்பித்து ஒரு வருஷம் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் தோற்றார்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக மூடினார்கள். பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி, இதே யார்க்‌ஷயரில்தான், 2015 டிசம்பரில் மூடப்பட்டது. சுரங்கம் போனாலும் ஃபெரெட் போகவில்லை. முயலுக்காக வளர்த்தது போய், இப்போ முக்கால்வாசிப் பேர் சும்மா ஆசைக்கு வளர்க்கிறார்கள்.

பார்க்கணும்னா எங்கே போகணும்? ஊருக்குக் கிழக்கே டேர்ன் பள்ளத்தாக்குப் பக்கம் பஸ் ஏறுங்க. ஒவ்வொரு கிராமத்திலும் ஓரமாக ‘அலாட்மென்ட்’ இருக்கும். கவுன்சில்காரங்க குறைந்த வாடகைக்கு விடுகிற துண்டுத் துண்டு காய்கறித் தோட்டம். வெங்காயம், ருபார்ப், லீக் கீரைத்தண்டு, நடுவில் தகரக் கொட்டகை, பக்கத்தில் புறாக்கூண்டு. அங்கே ஏதாவதொரு கொட்டகையிலிருந்து பழைய தேன் டப்பாவையும் ஈரச் சாக்கையும் சேர்த்துவைத்த மாதிரி ஒரு வாசனை வந்தால், அட்ரஸ் சரி!

ஷெஃபீல்டில் இருந்தபோது ஒரு ஜூன் மாதம் முழுக்க சனிக்கிழமை சனிக்கிழமை நான் போன கொட்டகை, ரிட்டயர்டு சுரங்கத் தொழிலாளி ஒருவருடையது. எழுபத்தைந்து வயசு. உங்களை ‘லவ்’ என்று கூப்பிடுவார்... பதறாதீங்க. பஸ் டிரைவரிலிருந்து மீன் கடைக்காரர் வரை யார்க்‌ஷயரில் எல்லாருக்கும் எல்லாரும் ‘லவ்’தான். நான் மனசுக்குள் ‘தாத்தா’ என்று வைத்துக்கொண்டேன். தாத்தாவின் ஜில் ஏழு குட்டி போட்டிருந்தது.

ஃபெரெட் கர்ப்பம் 42 நாள்தான். பிறக்கும்போது குட்டி பத்து கிராம் இருக்கும், உங்க சுண்டுவிரல் அளவு. கண் தெரியாது, காது கேட்காது. முதல் சில நாள் கூண்டுப் பக்கமே போகக் கூடாது என்பது தாத்தாவின் முதல் விதி. ஆர்வக்கோளாறில் யாராவது கையை விட்டுக் கலைத்தால், மிரண்டுபோன தாய் தன் குட்டியையே தின்றுவிடும். ‘பிள்ளை பெத்த வீட்டுக்கு மூணாம் நாளே ஊரே திரண்டு போனா அவளுக்குக் கோவம் வராதா?’ என்றார். நியாயம்தானே!

மூன்று வாரத்தில் ஊசி ஊசியாகப் பால் பல் முளைக்கிறது. கூத்து என்னன்னா, கண் திறக்க இன்னும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும், அதுக்குள்ள சாப்பாட்டு ஆசை வந்துவிடும். தாத்தா கொத்துக்கறியை வெதுவெதுப்பான தண்ணியில் குழைத்து ஒரு தட்டில் வைப்பார். ஏழும் கண்ணை மூடிக்கொண்டே மோப்பம் பிடித்து நீச்சலடிக்கிற மாதிரி வரும். தட்டுக்குள்ளேயே ஏறிப் படுத்துக்கொண்டு சாப்பிடும். தலை முதல் வால் வரை கறிக்குழம்பு. அப்புறம் அம்மாக்காரி வந்து ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் பண்ணணும், பாவம்.

சாப்பாட்டைப் பற்றி நிஜமாகவே கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். ஃபெரெட்டுக்குக் குடல் ரொம்பச் சின்னது. உள்ளே போனது மூன்று, நாலு மணி நேரத்தில் வெளியே. அரிசி, கோதுமை, காய், பழம் எதையும் செரிக்கிற வசதி அதன் வயிற்றில் கிடையாது. கறி, எலும்பு, கொழுப்பு, முட்டை... சுத்தமான அசைவம்! அதுவும் ஒரே வேளையாக வெட்டாது. ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை வந்து ஒரு கடி கடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் தட்டு எப்பவும் காலியாகக் கூடாது, தண்ணி எப்பவும் இருக்கணும். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைக்கும் பழக்கம் வேறு. தினமும் தேடி எடுத்துப் போடாவிட்டால் அது நாறி, ஈ மொய்த்து... ஹாஸ்டலில் ரூம்மேட் டிபன் பாக்ஸைக் கழுவாமல் லீவுக்குப் போன அனுபவம் இருக்கில்ல? அதேதான்.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் ஃபெரெட்டுக்குப் போட்டது என்ன தெரியுமா? பாலில் ஊறவைத்த பிரெட்! கறி வாங்கக் காசு ஏது? தாத்தாவின் அப்பாவும் அதைத்தான் போட்டார். பால் இதுக்கு ஒத்துக்காது, வயிற்றுப்போக்கு வரும். பிரெட்டில் சத்து ஏறாது. ‘எங்க வீட்டு ஃபெரெட் எல்லாம் ஒல்லியா, முடி கொட்டி இருக்கும். ஃபெரெட்னாலே அப்படித்தான்னு நெனைச்சிருந்தோம் லவ்’ என்றார். இப்போ கடையில் ஃபெரெட்டுக்கென்றே தனித் தீனி இருக்கிறது. அதில் புரதமும் கொழுப்பும் தூக்கலாக இருக்கணும், அதுவும் மாமிசத்திலிருந்து வந்த புரதமாக இருக்கணும். நாய்த் தீனி ஆகவே ஆகாது. அதில் தானியம் ஜாஸ்தி, சிறுநீர்ப்பையில் கல் வந்துவிடும். ஒரு அவசரத்துக்குப் பூனைக்குட்டித் தீனி பரவாயில்லை. தாத்தா பாதிக்குப் பாதி பச்சைக் கறிக்காரர். முயல், கோழி இறக்கை, வாரம் ஒரு முட்டை. உள்ளே இருக்கிற எலும்பைக் கடித்தால்தான் பல் சுத்தமாகுமாம். வேகவைத்த எலும்பு மட்டும் கூடாது, குத்திவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் சில மாதத்தில் எந்த வாசனையைச் சாப்பாடு என்று மூக்கு கற்றுக்கொள்கிறதோ, ஆயுசுக்கும் அதுதான் சாப்பாடு. சின்ன வயசில் ஒரே பிராண்டு தீனி மட்டும் கொடுத்து வளர்த்தால், வளர்ந்தபின் நல்ல கோழிக்கறியை முன்னால் வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு ‘இது என்ன?’ என்று திரும்பிப் போய்விடும். அந்த பிராண்டு கடையில் கிடைக்காத அன்றைக்குப் பட்டினிதான். அதனால் குட்டியாக இருக்கும்போதே நாலு விதமாகக் காட்டிவிடணும். ‘எனக்கு எங்க அம்மா வெக்கிற ரசம்தான் வேணும்’ என்று ஷெஃபீல்டில் வந்து மூன்று மாசம் அழுத நண்பன் ஒருத்தனை நினைத்துக்கொண்டேன்.

இப்ப மேட்டருக்கு வருவோம். கடி!

ஆறாவது வாரத்தில் ஃபெரெட் குட்டிகளைப் பார்க்கணும். கண் திறந்தாச்சு, காது திறந்தாச்சு, உலகம் பூரா விளையாட்டுப் பொருள். முதுகை வில்லாக வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஒரு டான்ஸ் ஆடும். ‘டூக் டூக் டூக்’ என்று கோழிக்குஞ்சும் சிரிப்பும் கலந்த சத்தம். சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும், உண்மையில் சந்தோஷத்தின் உச்சம். அப்படியே பாய்ந்து கூடப்பிறந்ததன் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போகும். அதுங்களுக்குத் தோல் தடிமன், உறைக்காது. நம்ம தோல் அப்படியா? ஆனால், குட்டிக்கு அது தெரியாதே! உங்க விரலையும் ஒரு தம்பி என்று நினைத்துக் கவ்வும். அதுக்குக் கோபமில்லை, ‘விளையாட வர்றியா?’ என்கிற கேள்வி அது. உங்க கை என்ன பதில் சொல்லுது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த எட்டு வருஷம்.

தாத்தாவின் முறையை அப்படியே சொல்றேன். முதலில் கையைக் கழுவணும். கோழி பிரியாணி சாப்பிட்ட கையை நீட்டினால் அது கையா, லெக் பீஸா என்று குட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்? அடுத்தது, மேலேயிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது. வானத்திலிருந்து இறங்குவது பருந்து. பக்கவாட்டில், தரையோடு தரையாக, விரலை மடக்கி முஷ்டியின் பின்பக்கத்தைக் காட்டணும். அங்கே தோல் இறுக்கமாக இருப்பதால் கவ்வப் பிடி கிடைக்காது. முகரட்டும், நக்கட்டும். அப்புறம் நெஞ்சுக்குக் கீழே ஒரு கையும் பின்னங்காலுக்கு ஒரு கையும் கொடுத்துத் தூக்கணும். தொங்கவிட்டால் பயந்துபோய்க் கடிக்கும்.

அப்படியும் கடித்தால்? கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் கிழியும். அதைவிட முக்கியம், ‘கடித்தால் கை ஓடிப்போகும்’ என்று குட்டி பாடம் படித்துவிடும். அடிக்கவே கூடாது. அடி வாங்கிய ஃபெரெட் மறக்காது, அடுத்த முறை கையைப் பார்த்ததுமே முந்திக்கொண்டு கடிக்கும். கை ஆடாமல் நிற்கணும். பிடரித் தோலை மெதுவாகப் பிடித்துத் தூக்கினால் அம்மா கவ்விய ஞாபகம் வந்து, உடம்பு தளர்ந்து, ஒரு பெரிய கொட்டாவி விடும். சினிமா ஹீரோயின் மாதிரி அப்படி ஒரு கொட்டாவி! பல் தானாக விடுபட்டுவிடும். கீழே விட்டு ரெண்டு நிமிஷம் கண்டுக்காம இருக்கணும். திரும்ப எடுக்கணும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, தினமும். கையில் ஒரு சொட்டு சால்மன் மீன் எண்ணெய் தடவினால், பல்லுக்குப் பதில் நாக்கு வேலை செய்யும். கிளவுஸ் போட்டுக்கலாமான்னு கேட்டேன். ‘கிளவுஸ் போட்டா அது கிளவுஸைத்தான் பழகும்’ என்றார்.

இந்தச் சாப்பாடும் பழக்கமும் ஒன்றுக்கொன்று எப்படிப் பின்னியிருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த ஊரில் கிடைத்த பெரிய ஆச்சரியம். பட்டினி போட்டால்தான் ஃபெரெட் வெறியோடு முயல் பிடிக்கும் என்று நாம் நினைப்போம். நிறைய பேர் அப்படி நினைத்துப் பட்டினியும் போட்டார்கள். நடந்தது என்ன? பசித்த ஃபெரெட் வளைக்குள் முயலைக் கொன்று, அங்கேயே வயிறு முட்டத் தின்று, அதன் மேலேயே படுத்துத் தூங்கிவிடும். மேலே மனுஷன் பனியில் ராத்திரி வரை நிற்கணும், இல்லாவிட்டால் மண்வெட்டி எடுத்துத் தோண்டணும். இதைத் தடுக்க உதட்டைத் தைத்த கொடுமையும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது. தாத்தாவோ கிளம்புவதற்கு முன் ஒரு வாய் தீனி கொடுத்துத்தான் கூட்டிப்போவார். வயிறு நிறைந்த ஃபெரெட்டுக்கு முயலை விரட்டுவது விளையாட்டு. முயல் பயந்து மறுவழியாக ஓடி வலையில் விழும். ஃபெரெட் வெளியே தலையை நீட்டி, தெரிந்த கையைப் பார்த்ததும் தானாக வந்து ஏறிக்கொள்ளும். இப்போ கழுத்துப் பட்டையில் சின்ன டிரான்ஸ்மிட்டர் கட்டிவிடுகிறார்கள், எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று மேலேயிருந்தே தெரியும். ஆனா, ‘எங்கே இருக்குன்னுதான் மெஷின் சொல்லும் லவ், வெளியே வரச் சொல்லாது’ என்கிறார் தாத்தா.

வேலைநிறுத்த வருஷத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. சம்பளம் இல்லாத அந்தக் குளிர்காலத்தில் ரெண்டு ஜில் பிடித்த முயல், தெருவில் நாலு வீட்டுக்குப் போனதாக மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கை ஒரு குட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தது.

ஃபெரெட்டை வேலைக்கு வைத்த கதையில் சயின்ஸ் ஸ்டூடன்ட்ஸுக்கு ஒன்று இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பின்னாளில் ஃபெர்மிலேப் ஆன ஆராய்ச்சிக்கூடத்தில், நீள நீளமான குழாய்களுக்குள் கிடந்த உலோகத் துகளைச் சுத்தம் பண்ண வழி தெரியாமல் விழித்தார்கள். ராபர்ட் ஷெல்டன் என்ற பிரிட்டிஷ்காரர்தான் ‘ஃபெரெட்டை விடலாமே’ என்றார். ஃபெலிசியா என்று ஒரு ஃபெரெட் வந்தது. அதன் மேல் கயிற்றைக் கட்டி விட்டார்கள். குழாயின் மறுமுனைக்கு அது போனதும், அந்தக் கயிற்றில் துடைக்கிற துணியைக் கட்டி இழுத்தார்கள். 300 அடிக் குழாயெல்லாம் ஜாலியாகப் போன ஃபெலிசியா, நாலு மைல் சுற்றளவுள்ள மெயின் குழாய்க்குள் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. எந்த விஞ்ஞானியாலும் ஒன்றும் பண்ண முடியவில்லை! ஃப்ளூ வைரஸை மனுஷனிடமிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததும் ஃபெரெட்டின் உதவியோடுதான், 1933-ல், லண்டனில். நம்ம ஜலதோஷக் காய்ச்சல் இதுக்கும் அப்படியே தொற்றும். அதனால், மூக்கு ஒழுகினால் கூண்டுப் பக்கம் போகாதீங்க.

அதே யார்க்‌ஷயரில் இன்னொரு கிறுக்குத்தனமும் உண்டு. பேன்ட் காலைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டி, உள்ளாடை இல்லாமல், உள்ளே ரெண்டு ஃபெரெட்டை விட்டு பெல்ட்டையும் கட்டிக்கொண்டு யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று போட்டி! 1981-ல் ரெக் மெல்லர் என்ற பார்ன்ஸ்லிக்காரர் 5 மணி 26 நிமிஷம் நின்று சாதனை பண்ணினார். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால், இருட்டில் அடைபட்ட அந்த ரெண்டு ஃபெரெட்டுக்கும் அது போட்டி என்று தெரியுமா? எனக்கென்னவோ ஃபெரெட் ரேஸ்தான் பிடிக்கிறது. கோடைகாலக் கிராமத்துத் திருவிழாக்களில் வரிசையாகக் குழாய் போட்டு விடுவார்கள். பாதி ஃபெரெட் குழாய்க்குள்ளேயே தூங்கிவிடும். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குகிற ஜீவன் அது. முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

இத்தனையும் படித்துவிட்டு ‘அங்கே போனதும் ஒண்ணு வாங்கிடணும்’னு தோணுதா? தாத்தாவின் கொட்டகைக்கும் அப்படி ஒருத்தன் வந்தான். யுனிவர்சிட்டி மாணவன், இங்கிலீஷ்காரப் பையன்தான். ஏழில் ஒன்று மட்டும் தலை முழுக்க வெள்ளை, உடம்பு மட்டும் சாம்பல். பார்த்ததும் ‘இதுதான் வேணும்’ என்றான். தாத்தா விலை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார். எங்கே தங்கியிருக்கே? வாடகை வீடு, ஒரு வருஷ அக்ரிமென்ட். வீட்டுக்காரர் பிராணி வளர்க்க விடுவாரா? கேக்கலை. அடுத்த வருஷம்? தெரியலை. கிறிஸ்துமஸ் லீவுல யார் பாத்துப்பாங்க? ஃப்ரெண்ட்ஸ்! பக்கத்துல கால்நடை டாக்டர் செலவு எவ்வளவுன்னு தெரியுமா?

செலவு நிஜமாகவே இருக்கிறது. டிஸ்டெம்பர் என்கிற நோய் வந்தால் ஃபெரெட் பிழைப்பது அரிது, தடுப்பூசி போடணும். ஜில் பருவத்துக்கு வந்தால், துணை சேராமல் அந்தப் பருவம் தானாக இறங்காது. மாதக்கணக்கில் அப்படியே நீடித்தால் ஹார்மோன் ஏறி ஏறி, எலும்பு மஜ்ஜை கெட்டு, ரத்தம் வற்றிச் செத்தே போகும். அதனால் டாக்டரிடம் போய் ஊசியோ இம்ப்ளான்ட்டோ போடணும். இல்லாவிட்டால், குட்டி உண்டாகாதபடி ஆபரேஷன் பண்ணிய ஹாப் ஒன்றைத் துணைக்கு விடணும். அப்புறம் ரப்பர். ஷூ சோல், ரிமோட் பட்டன், இயர்போன் மூடி, எது கிடைத்தாலும் மென்று விழுங்கும். குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். ஒரு ஸ்டூடன்ட் ரூமில் தரையில் என்னென்ன கிடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பிரிட்டனில் 2006-ல் வந்த பிராணிகள் நலச் சட்டப்படி, பிராணிக்கு ஏற்ற சாப்பாடும் இடமும் துணையும் கொடுப்பது வளர்ப்பவரின் கடமை. கொடுக்காவிட்டால் கோர்ட். ஒரு ஃபெரெட் ஆறிலிருந்து எட்டு வருஷம் இருக்கும், சிலது பத்துகூட. உங்க மாஸ்டர்ஸ் ஒரு வருஷம். மீதி ஏழு வருஷத்துக்கு? மெட்ராஸுக்குக் கூட்டி வருகிற கதையே வேண்டாம், 30 டிகிரியைத் தாண்டினாலே வெப்பத்தில் சுருண்டு விழுகிற உடம்பு அது. இங்கிலாந்தில் அங்கங்கே ஃபெரெட் காப்பகங்கள் இருக்கின்றன. யாரோ ஆசையாக வாங்கி, கடிக்குதுன்னு பாதியில் பார்க்கிலோ ரோட்டோரத்திலோ விட்டுவிட்டுப் போனதுதான் அங்கே வந்து சேர்கிறது.

அந்தப் பையன் வெறுங்கையோடு திரும்பினான். கொஞ்சம் கோபமாகத்தான் போனான்.

அவன் போனபிறகு தாத்தா அந்த வெள்ளைத்தலைக் குட்டியைக் காட்டினார். ஏழிலேயே அதிகமாகக் கடிப்பது அதுதான். அதுவும் விளையாட்டுக் கடி இல்லை, ரத்தம் வர வைக்கிற கடி. மற்ற ஆறும் எட்டாவது வாரத்தில் மடியில் படுத்துத் தூங்க ஆரம்பித்துவிட்டன, இது மட்டும் தொட்டாலே துள்ளி விழுந்து கவ்வும். தாத்தா பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அதன் முதுகுக்குப் பின்னால் ஆட்டினார். ஆறு தலை திரும்பியது. வெள்ளைத்தலை திரும்பவில்லை. தட்டை எடுத்துத் தகரத்தில் அடித்தார். திரும்பவில்லை.

தலை வெள்ளையாகப் பிறக்கும் ஃபெரெட்டுகளில் நிறையவற்றுக்குக் காது கேட்காது. நிறத்தைத் தீர்மானிக்கிற அதே மரபணுக் கோளாறுதான் காதையும் பாதிக்கிறது. காது கேட்காத குட்டிக்கு நீங்க வருவது தெரியாது. தூங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று ஆகாயத்திலிருந்து ஒரு கை. கடிக்காமல் என்ன பண்ணும்? ‘எங்க அப்பா காலத்துல கடிக்கிற குட்டிக்கு மண்வெட்டியால ஒரு போடு, அவ்வளவுதான். காது கேக்குதான்னு யாரும் சாவியை ஆட்டிப் பாத்ததில்லை’ என்றார் தாத்தா. அவர் அதை விற்பதாக இல்லை. அதற்குத் துணையாக அக்காக்காரி ஒன்றையும் நிறுத்திவைத்துக்கொண்டு மீதி ஐந்தைத்தான் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். ரெண்டு ஜோடியாக நாலு. ஒற்றையாகப் போன ஐந்தாவதுக்கு அந்த வீட்டில் ஏற்கெனவே ஃபெரெட் உண்டு.

வெள்ளைத்தலைக்குத் தனி சிலபஸ். தொடுவதற்கு முன் கூண்டுப் பலகையை ரெண்டு தட்டு தட்டணும், அதிர்வு கால் வழியாகத் தெரியும். தூங்கினால் எழுப்பத் தொடக் கூடாது. மூக்குக்குக் கொஞ்ச தூரத்தில் கையை வைத்துக் காத்திருக்கணும், இல்லையென்றால் முகத்தில் மெதுவாக ஊதணும். நல்லது பண்ணினால் ‘குட் கேர்ள்’ என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, எண்ணெய் தடவிய விரல்தான் பாராட்டு. மூன்று வாரம் அவர் இதைத் தினமும் பண்ணினார். கை முழுக்கப் பிளாஸ்டர்.

ஜூலை மாதக் கடைசி சனிக்கிழமை நான் போனபோது அது வைக்கோலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ‘நீ எழுப்பு லவ்’ என்றார். பலகையைத் தட்டினேன். அசையவில்லை, ஃபெரெட் தூக்கம் அப்படி. முஷ்டியை மூக்குப் பக்கம் வைத்து, குனிந்து மெதுவாக ஊதினேன். மீசை ஆடியது. ஒரு கண் திறந்தது. என் விரல் முட்டியை ஒரு தடவை முகர்ந்தது, இன்னொரு தடவை முகர்ந்தது. வாயைத் திறந்தது. நான் கையை இழுக்கவில்லை. அந்தக் கூரான பல் நாலும் தோலில் பட்டு, அப்படியே நின்று, பிறகு விலகி, சொரசொரவென்று நாக்கு வந்தது. தாத்தா எண்ணெய் பாட்டிலை எடுத்து நீட்டினார்.